மூப்பர் அக்கா கை தூக்கிய நாள்

தையற்காரரின் மகள் காய்ச்சலில் இறந்தபோது எங்கள் சபைக்குப் போதகர் இல்லை. பழையவர் ஓய்வு பெற்றுப் போனபின் எங்களைப் போன்ற சபைகளை நிர்வகிக்கும் பிரஸ்பிட்டேரியன் மேல்சபை வேறு ஒருவரை அனுப்பவே இல்லை. "நமக்குப் போதகர் வர்றதும் எங்க தெருக் குழாய்ல தண்ணி வர்றதும் ஒண்ணு. வெறும் காத்துதான் வரும்" என்று குழாய் ரிப்பேர்க்காரர் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு அவரும் சிரிக்கவில்லை.

அடக்கத்துக்கு யாரையாவது அனுப்புவதாக மேல்சபை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். தோண்டிய குழிக்குப் பக்கத்தில் வெயிலில் காத்து நின்றோம். பிள்ளைக்கு வெள்ளை கவுனைத் தகப்பனே தைத்துப் போட்டிருந்தார். யாரும் வரவில்லை. கடைசியில் மூப்பர் அக்காதான் ஆராதனைப் புத்தகத்தைத் திறந்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போதகரோடு சேர்ந்து சபையை நடத்த நாங்கள் தேர்ந்தெடுத்த மூப்பர்களில் ஒரே பெண். டியூட்டி முடிந்த கையோடு உடுப்புகூட மாற்றாமல் வந்திருந்தார். வாசிக்கும்போது குரல் உடையவில்லை.

அதற்குப் பிறகுதான் வேறு சபைப் பிரிவுக்குப் போய்விடலாம் என்ற பேச்சு கிளம்பியது. அந்தப் பிரிவின் ஆள் ஒருவர் வந்து பேசினார். சேர்ந்தால் உடனே போதகர் வருவார் என்றார். தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "எங்க ஒழுங்குல பெண்கள் மூப்பரா இருக்க முடியாது" என்பதையும் கடைசியாகச் சொல்லி வைத்தார். யாரும் அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

"உன் கழுத்துக்கு நீயே கயிறு திரிக்காதே. வேண்டாம்னு எழுந்து சொல்லு" என்றார் அக்காவின் கணவர், வீட்டில்.

"சொல்லலாம். அடுத்த குழி தோண்டும்போது யாரு வருவா?"

சபைக்கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பள்ளி ஆசிரியர் வேத வசனம் காட்டினார். மேல்சபையின் கொள்கையே சரியில்லை என்றார் ஒருவர். தாத்தா காலத்துச் சபையை விட்டுப் போவதாவது என்று ஒருவர் கத்தினார். தையற்காரர் எழுந்ததும் எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

"எனக்குக் கொள்கையெல்லாம் தெரியாது. என் பிள்ளைக்கு ஒரு போதகர் வரல. அவ்வளவுதான்." பிறகு அக்காவைப் பார்த்தார். "உங்கள வேணாம்னு சொல்லலக்கா."

"தெரியும் தம்பி. உட்காருங்க."

போகலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது அக்காவும் தூக்கினார். பக்கத்திலிருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் பிரிந்து போனார்கள். அண்ணன் தம்பிகள்கூடத் தெருவில் பார்த்தால் பேசுவதை நிறுத்தினார்கள். கோயில் கட்டடம் தன்னுடையது என்று மேல்சபை பூட்டிவிட்டது. மிஞ்சிய நாங்கள் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில், முழங்காலை மடக்கிக்கொண்டு ஆராதனை செய்தோம்.

புதுப் போதகர் சொன்னபடி வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. மூப்பர்கள் எல்லாருக்கும் கொண்டு கொடுக்கும் நற்கருணை அப்பத் தட்டை வழக்கம்போல அக்கா எடுக்கப் போனபோது, "வேண்டாம்மா, உட்காருங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

சில வாரம் கழித்துத் தையற்காரர் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரி கேண்டீனுக்கு வந்தார். டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"என்ன தம்பி?"

"போதகரைக் கூப்பிட்டேன்கா, பாப்பா கல்லறைக்கு. ஒருதரம் முறையா ஆராதனை பண்ணிடுங்கன்னேன். இதுக்காகத்தான் நான் கை தூக்கினதே."

"என்ன சொன்னார்?"

"அடக்கம் பண்ணினவங்களுக்குத் திரும்ப ஆராதனை கிடையாதாம். அப்போ அன்னிக்கு நடந்தது செல்லுமான்னு கேட்டேன். பொம்பளை நடத்தினது எங்க ஒழுங்குப்படி ஆராதனை இல்லைன்னார்." முகத்தைத் துடைத்தார். "முன்னாடி போதகர் வரலன்னு மட்டும்தான் இருந்துச்சு. இப்போ ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடுச்சு."

அக்காவுக்கு எத்தனையோ படுக்கைகளின் ஓரத்தில் ஆறுதல் சொல்லிப் பழக்கம். அன்றைக்கு ஆறிப்போன டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நான் வாசிச்சதும் அதே வசனம்தான் தம்பி" என்றார்.

"தெரியும்கா. ஆனா நீங்க மூப்பரே இல்லைன்னு நான்தானே கை தூக்கினேன்."

"நானும்தான் தூக்கினேன்."

வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து போனார்.

அதன்பின் தையற்காரர் எந்தச் சபைக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் கடையைத் திறந்து வைத்தார். அவர் மனைவி மட்டும் தனியாக மாடியேறி வந்தார். அக்காவும் வந்தார், போக வேறு இடம் இல்லாததால். ஆராதனை முடிந்ததும் பெண்களோடு சேர்ந்து டீ தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போவார்.