வெறும் மெழுகு

என் அக்காவுக்கு இடது மார்பு சிவந்து வீங்கியபோது, பால்கட்டு மாதிரி ஏதோ கிருமி என்று சொல்லிப் பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். அவளுடைய கடைசிப் பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டது. பால் எங்கிருந்து கட்டும்? கேட்டேன். யார் காதில் விழுந்தது! அந்த மாத்திரை தீர்ந்ததும் வேறு மாத்திரை. தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆன பிறகுதான் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். வீங்கிய இடத்தில் மரப்பு மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டாள்.

அந்தச் சதை வந்து சேர்ந்தது எங்கள் ஆய்வகத்துக்கு. நான் அங்கே பதினாறு வருஷமாகச் சதை சீவுகிறவள். மெழுகில் பதித்த சதையை இயந்திரத்தில் மாட்டி, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஏந்த வேண்டும். சொந்தக்காரர் சதை என்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிடு என்பார் எங்கள் டாக்டரம்மா. அது அக்காவுடையது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. முதல் கண்ணாடியிலேயே புற்று என்று உறுதியானது.

அக்கா அழவில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளே சிரித்து, "நீ குடுத்த காய்ச்சலா இருக்குமோடி?" என்றாள்.

வேடிக்கைக்குத்தான். பதினேழு வயதில் எனக்குக் கழுத்தெல்லாம் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. என் எச்சில் தம்ளரைக் கழுவி, பக்கத்திலேயே படுத்திருந்து, அவளும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒன்றரை மாதம் எழுந்திருக்கவில்லை. அந்தக் காய்ச்சலைக் கொடுக்கிற வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. அதற்கும் மார்புப் புற்றுக்கும் சம்பந்தம் உண்டா என்று எங்கள் ஆய்வகத்தில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதற்குத் தன் சதையை எடுத்துக்கொள்ளலாம் என்று அக்காவும் கையெழுத்துப் போட்டிருந்தாள். இருக்கலாம் என்பார் ஒருவர், இல்லவே இல்லை என்பார் இன்னொருவர். நிரூபித்தவர் இல்லை. இதெல்லாம் தெரிந்தும் அவள் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டியானாலும் முதலில் சிகிச்சைக்கென்று நான்கு கண்ணாடி சீவி ஒதுக்க வேண்டும். அந்தப் புற்று எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்வது அவைதான். மிச்சம்தான் ஆராய்ச்சிக்கு. இதை மறந்தவர்களை நானே கிழிகிழியென்று கிழித்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும், அந்த நான்கை ஒதுக்காமலே, அக்காவின் சதையில் ஐந்து சுருள் சீவி வைரஸ் சோதனைக்குக் கொடுத்தேன். அதன் பிறகும் நான்கு கண்ணாடிக்குச் சதை தாராளமாக இருந்தது. முடிவு தெளிவில்லை என்று வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இன்னும் ஐந்து சீவினேன். அதுவும் தெளிவில்லை. இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று நினைத்தேன். மூன்றாம் முறை நாலாவது சுருளில் வெறும் மெழுகு வந்தது.

சதையோடு வந்த மூன்றையும் சோதனைக்குக் கொடுத்தேன். மறுநாள் முடிவு வந்தது. வைரஸ் இருந்தது. ஆனால் புற்றுக்குள் இருக்கிறதா, வீக்கத்துக்கு ஓடிவந்த ரத்த அணுக்களுக்குள் இருக்கிறதா என்று சொல்ல முடியாதாம். பாவி, இதற்காகவா அவ்வளவையும் சீவித் தள்ளினேன்?

டாக்டரம்மா நான்கு கண்ணாடிகளைக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுபடி ஊசி குத்தி எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்தார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப அந்த வைரஸ்தான் காரணமா?"

"தெரியலைக்கா. யாருக்குமே தெரியல."

"நான் விளையாட்டுக்குத்தானடி சொன்னேன்."

இன்னொரு ஊசிக்கு அவள் ஒப்பவில்லை. அத்தான் கெஞ்சினார். பிள்ளைகள் அழுதார்கள். நான் காலில் விழுந்தேன்.

"ஒரே ஒரு தடவைக்கா. எந்த மருந்துன்னு தெரியணும்."

"உன் மேல தப்பு இல்லன்னு உனக்குத் தெரியணும். அதுக்குத்தானே சீவுன?" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

திங்கட்கிழமை, பொதுவாக எல்லாருக்கும் கொடுக்கிற மருந்தை ஏற்றினார்கள். நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். பாதி பாட்டில் இறங்கியிருந்தபோது அக்கா கண்ணைத் திறந்தாள்.

"இது எனக்குச் சரியான மருந்துதானேடி?"

"ஆமாக்கா," என்றேன்.