செடிக்கு நூற்று நாலு

வெங்கிடேஸ்வரன் பதினான்கு நாள் லண்டனில் இருந்துவிட்டு வந்து மூன்று வருஷமாகியும் கொச்சி மட்டாஞ்சேரிக்கு முழுசாக வந்து சேரவில்லை. மிளகு ஏற்றுமதிக் கம்பெனியின் மானேஜர். மாநாட்டுக்குப் போன இடத்தில், ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் தோட்டத்தில் பட்டர்கப் என்ற மஞ்சள் பூவைப் பார்த்தார். கால் ரூபாய் அகலம், மெழுகு பூசிய மாதிரிப் பளபளப்பு. விதை கேட்டதும் அந்த ஆள் சிரித்துக்கொண்டே ஓர் உறை நிறையக் கொடுத்தான். அங்கே அது பிடுங்கிப் பிடுங்கி எறிகிற களை என்பதை மட்டும் வெங்கிடேஸ்வரன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

உறைபனியில் மூடிக் கிடந்தாலும் பிழைத்து எழும், எந்தக் கவனிப்பும் வேண்டாத முரட்டுச் செடி என்று புஸ்தகம் சொன்னது. அந்த முரட்டுச் செடிக்கு மட்டாஞ்சேரியில் தினம் ஒரு பார் ஐஸ் வேண்டியிருந்தது. பள்ளுருத்தி ஐஸ் பாக்டரியிலிருந்து கைவண்டியில் வரும். தகரத் தொட்டிக்குள் பூந்தொட்டியை வைத்து, சுற்றிலும் ஐஸை உடைத்துப் போட்டு, மரத்தூளும் சாக்கும் மூட வேண்டும். அது ஒச்சப்பன் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மிளகு மூட்டை சுமந்தவன். முதுகு போன பிறகு செடிக்கு ஆயாவாகிவிட்டான். அந்த உத்தியோகத்தோடு சேர்ந்துதான் குடோனுக்குப் பின்னால் இருந்த அறையும். அவனும் அவன் மனைவி மாயம்மாளும் அதில் இருந்தார்கள்.

முளைத்தது பதினொரு நாற்று. பத்து செத்துப்போய், மிஞ்சிய ஒன்று எழுபத்தேழாம் வருஷம் ஜனவரியில் இரண்டு மொட்டு விட்டது. சனிக்கிழமை எர்ணாகுளத்தில் புஷ்பக் கண்காட்சி. குளிர்தேசத் தாவரங்கள் பற்றி அங்கே பேசப்போகிற பேச்சை வெங்கிடேஸ்வரன் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தார். விஞ்ஞான முறையில் செய்யாத எதுவும் அவருக்குப் பிடிக்காது. ஆகவே வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை மண்ணில் குத்தி வைத்திருந்தார். மனுஷன் வாயில் வைக்கிற அது தொண்ணூற்றைந்துக்குக் கீழே எதையும் காட்டாது. ஐஸுக்கு நடுவில் பாதரசம் அசையாமல் கிடக்கும். அவர் தினமும் குனிந்து பார்த்து, "பேஷ், கண்ட்ரோல்ல இருக்கு" என்பார்.

மாயம்மாளுக்கு அன்றைக்கு எட்டாவது நாள் காய்ச்சல். ஆசுபத்திரியில் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பக்கத்து லைன் வீட்டில் இருந்த அம்மிணி முன்பு நர்ஸ்களுக்கு ஒத்தாசையாக வேலை பார்த்தவள். புதன்கிழமை விடிந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சேட்டா, நூத்திமூணு தாண்டிச்சுன்னா வச்சிட்டு இருக்கப்படாது, கேட்டோ. ஒடனே கொண்டுபோய்ப் படுக்க வைக்கணும். என் தெர்மாமீட்டர் ஒடஞ்சுபோச்சு. எங்கயாவது ஒண்ணு கிடைக்குமா?"

ஊரில் ஒச்சப்பனுக்குத் தெரிந்த தெர்மாமீட்டர் ஒன்றுதான். அதைப் பூந்தொட்டியிலிருந்து உருவி, குழாயடியில் மூன்று தடவை கழுவி, மாயம்மாளின் நாக்குக்கு அடியில் வைத்தான். எண் படிக்க அவனுக்குத் தெரியும். நூற்று நாலு. அவள் அவனைப் பார்த்தாளே தவிர யாரென்று தெரிந்து பார்த்ததாகத் தோன்றவில்லை. அம்மிணியைத் துணைக்கு விட்டுவிட்டு ஓடினான். தெர்மாமீட்டரைத் துடைத்து மண்ணில் செருகிவிட்டு, லீவு கேட்க மானேஜர் வீட்டு வாசலுக்குப் போனான். அவர் அங்கே இல்லை. தோட்டத்திலிருந்து அலறல் கேட்டது.

திரும்பி வந்தபோது வெங்கிடேஸ்வரன் தொட்டி முன் மண்டியிட்டிருந்தார். கையில் தெர்மாமீட்டர்.

"நூத்தி நாலுடா! மண்ணு கொதிக்கறது! ராத்திரி ஐஸை என்ன பண்ணினே?"

ஒருமுறை ஏறிய பாதரசம் உதறினால்தான் இறங்கும். அம்மிணி எப்போதும் உதறிவிட்டுத்தான் வைப்பாள் என்பது ஒச்சப்பனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. விரலை மண்ணில் வைத்திருந்தால் வெங்கிடேஸ்வரனுக்கே விஷயம் தெரிந்திருக்கும். விரல் விஞ்ஞானத்தில் சேர்த்தி இல்லை.

சொல்லிவிடலாம். சொன்னால், அவர் வீட்டுத் தெர்மாமீட்டரை எடுத்து மாயம்மாள் வாயில் வைத்ததையும் சொல்ல வேண்டும். அப்புறம் வேலையும் இல்லை, அறையும் இல்லை. அதனால் அவளுக்குக் காய்ச்சல் நூற்று நாலு, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் சொன்னான். இரண்டு நூற்று நாலையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மனுஷாளுக்குக் காய்ச்சல் வரும், போகும். இது இந்தியாவிலேயே ஒன்றுதான் என்றார். கைவண்டியை எடுத்துக்கொண்டு பள்ளுருத்திக்குப் போய் இன்னும் இரண்டு பார் வாங்கிப் போட்டுவிட்டு, அதே வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று உத்தரவானது. அதற்குப் பெருந்தன்மை என்று அவரே பெயரும் வைத்தார்.

ஒச்சப்பன் கணக்குப் போட்டான். போக வர ஒரு மணி நேரம். ஐஸில் ஒரு துண்டு அவள் நெற்றிக்கும் ஆகும். ஆனால் அன்றைக்கு இறால் படகுகள் நிறைய வந்திருந்தன. பாக்டரி வாசலில் இறால் கம்பெனி லாரிகளுக்குப் பிறகுதான் கைவண்டிகள். ஒன்பது மணிக்குப் போய் நின்றவனுக்குப் பன்னிரண்டரைக்குத்தான் ஐஸ் கிடைத்தது. அவசரம் என்று இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தான். யாருக்கு என்று கேட்டார்கள். செடிக்கு என்று ரசீதில் எழுதியிருந்ததால் சிரித்தார்கள்.

அவன் வந்தபோது அம்மிணி அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பத்தேமுக்காலுக்கு, சேட்டா" என்றாள்.

உசிலம்பட்டிக்குத் தந்தி போயிற்று. மாயம்மாளின் அண்ணன் செல்லதுரை மறுநாள் மத்தியானத்துக்கு முன்னால் வந்து சேர முடியாது. அவன் முகம் பார்க்காமல் எடுக்கவும் முடியாது. சாயங்காலம் வெங்கிடேஸ்வரன் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, அறைக்கு வெளியே நின்று, செடிக்கு வந்த இரண்டு பாரில் ஒன்றை உடம்பைச் சுற்றி வைக்க எடுத்துக்கொள்ளச் சொன்னார். கேட்டவர்களெல்லாம் நல்ல மனுஷன் என்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

அந்த ஐஸ் விடிவதற்குள் தண்ணீராகிவிட்டது. காலையில் வழக்கமான பார் வந்தது. ஒச்சப்பன் அதைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவில்லை. சாக்கைச் சுற்றித் தோளில் ஏற்றினான். வெங்கிடேஸ்வரன் காப்பி டம்ளரோடு வராந்தாவிலிருந்து பதறி இறங்கினார்.

"எங்கடா கொண்டுபோறே? செடிக்குள்ளதாக்கும் அது. மொட்டு விரியற சமயம். செத்துப் போயிடும்டா."

"ஆமா சாமி" என்றான் ஒச்சப்பன். "செத்துப் போயிரும்."

நிற்காமல் குடோனைச் சுற்றி நடந்தான். முதுகில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. செல்லதுரை வந்து சேர இன்னும் ஐந்து மணி நேரம். ஒரு பார் அதுவரை தாங்கும்.