அவரவர் கரண்டி

எங்கள் மாதர் க்ஷேம சங்கம் ஆரம்பித்து இரண்டு வருஷமாகியும், அது யாருக்கு என்ன க்ஷேமம் செய்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் 1937 பங்குனியில் ஊர்க் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் இலவச விளையாட்டு விழா நடத்துவதென்று தீர்மானம் போட்டார்கள். இடம் வைகை மணல். தலைமை கலெக்டர் துரைசானி. சகல ஜாதியாரும் வரலாம் என்று தண்டோராவும் போட்டாயிற்று.

சங்கத் தலைவி ஸ்யாமளா மாமி. அவள் கணவர் வக்கீல் அனந்தநாராயணன்தான், நான் குமாஸ்தாவாக இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மானேஜர். ஆகவே மாமி கூட்டம் போட்டால் மூலையில் உட்கார்ந்து எழுதுவது பிச்சுமணியாகிய நான். விழாவில் விசில் ஊதுவதும் நான். சம்பளம் ஓரிடத்தில், வேலை ஒன்பது இடத்தில்.

வினை எலுமிச்சம்பழ ஓட்டத்தில் வந்தது. ஸ்பூனின் காம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, அதில் எலுமிச்சம்பழத்தை வைத்து, கை படாமல் கீழே விழாமல் ஓடவேண்டும். துரைசானி சொன்ன யோசனை. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஊரில் வந்து, ஸ்பூனைக் கவ்வி ஓடுங்கள் என்றாள்.

காபி கிளப் சிவசங்கரன் ஒரு டஜன் ஸ்பூன் இலவசமாக அனுப்பினார். மறுநாள் காலையிலேயே வந்து திருப்பி எடுத்துக்கொண்டார். "கண்ட குழந்தையும் கவ்வின ஸ்பூன்ல நான் கேசரி வெச்சா எவன் ஓய் சாப்பிடுவான்?" என்றார். வெந்நீரில் போட்டு எடுக்கலாம் என்றாள் ஒரு மாமி. முதலில் யார் குழந்தை கவ்வுவது, அப்புறம் யார் குழந்தை கவ்வுவது என்று கேட்டாள் இன்னொரு மாமி. மூன்று நாள் சண்டைக்குப் பிறகு விதி பிறந்தது: அவரவர் கரண்டியை அவரவரே கொண்டுவர வேண்டியது.

எல்லோருக்கும் பரம திருப்தி. கரண்டி இல்லாத வீட்டுக் குழந்தைகள் தாமாகவே வராமல் போய்விடும் அல்லவா? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதுகிறவனுக்குச் சொல்லாததும் கேட்கும்.

உற்சாகத்தில் வக்கீல் தம் தாயார் ஞாபகார்த்தமாக ஒரு பரிசு அறிவித்தார். அந்த ஓட்டத்தில் ஜெயிக்கும் பெண் குழந்தைக்கு எங்கள் பள்ளியில் ஒரு வருஷப் படிப்பு இலவசம். கரண்டி விதியையும் பரிசையும் சேர்த்து மறுபடி தண்டோரா போட்டார்கள். அவர் மகள் ஜானு ஒரு வாரமாகக் கூடத்தில் வெள்ளி ஸ்பூனைக் கவ்வி ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். வக்கீல் தானம் செய்தால் அது வாசல் தாண்டிப் போகாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணலில் நல்ல கூட்டம். சங்கத்துச் சர்பத்தைக் குழந்தைகளின் கையில் தூக்கித் தூக்கி ஊற்றினார்கள். பாதி சர்பத்தை வைகை குடித்தது. ஓட்டத்துக்குப் பதினோரு பெண் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். பத்துக் குழந்தைகள் வாயில் ஸ்பூன். பதினோராவது முருகம்மாள், எட்டு வயசு. அவள் வாயில் சிரட்டை அகப்பை.

அவளை எனக்குத் தெரியும். விளாங்குடியிலிருந்து தயிர் கொண்டுவரும் இருளாயியின் மகள். இரண்டு தடவை இருளாயி தயிர்ப்பானையோடு எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "எம்மகளச் சேத்துக்கிருவீகளா சாமி?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் நான் பீஸைச் சொன்னேன், அவள் போய்விட்டாள். தண்டோரா அவள் காதில் விழுந்திருக்கிறது. வீட்டில் இருந்த ஒரே கரண்டி குழம்பு அள்ளுகிற அகப்பை. அதன் காம்பைப் பாதியாக ஒடித்து, சாம்பல் போட்டு விளக்கி, மகள் பல்லில் கொடுத்துவிட்டாள்.

வக்கீல் பார்த்துச் சிரித்தார். "சட்டியில இருந்தாத்தானே ஓய் அகப்பையில வரும்? ஓடட்டும், ஓடட்டும்."

விசில் ஊதினேன். பத்து அடிக்குள் ஒன்பது பழம் மணலில் உருண்டது. ஜானு காலைப் பார்த்துப் பார்த்து அம்மன் தேர் மாதிரி அசைந்து வந்தாள். முருகம்மாள் காற்றாகப் பறந்தாள். சிரட்டையின் ஆழத்தில் எலுமிச்சம்பழம் தொட்டில் பிள்ளையாகக் கிடந்தது. அவள் கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்கி, அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது ஜானு பாதிதான் வந்திருந்தாள்.

நான் வாயெடுப்பதற்குள் வக்கீல் என் தோளை அழுத்தினார். "செல்லாது ஓய். அத்தனை ஆழம் இருந்தா யார்தான் ஜெயிக்க மாட்டா? மறு ஓட்டம்னு சொல்லும்."

சொன்னேன். பிள்ளைகுட்டிக்காரன், சொல்லாமல் என்ன செய்வேன் என்று இப்போது எழுதலாம். அன்றைக்கு அந்தக் குழந்தை என் முகத்தைப் பார்த்தது. எனக்குக் கூசியது, இன்றைக்கும் கூசுகிறது.

இருளாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அவுக அவுக கரண்டின்னுதான தண்டோராப் போட்டீக? செயிச்ச புள்ளய மறுபடி ஓடச் சொல்றது எந்தக் கோர்ட்டு நாயம் சாமி?"

வக்கீலுக்கு எந்தக் கோர்ட்டென்று தெரியவில்லை. துரைசானி என்ன தகராறு என்று கேட்டாள். அவர் இங்கிலீஷில் விளக்கினார். அவள் சிரித்து, இதற்கென்ன, அந்தப் பெண்ணுக்கும் ஒரு நல்ல ஸ்பூன் கொடுங்கள், ஓடட்டும் என்றாள்.

அவ்வளவுதான், மாமிகளின் கையிலிருந்த ஸ்பூனெல்லாம் புடவைத் தலைப்புக்குள் போய்விட்டன. துரைசானி நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு தானே ஜானுவிடமிருந்து வெள்ளி ஸ்பூனை வாங்கி முருகம்மாளிடம் நீட்டி, ஜானுவைப் பார்த்து, முதலில் இவள் ஓடட்டும், இவள் கொடுத்த பிறகு நீ ஓடு, நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். வக்கீல் அதை மாமிகளுக்குத் தமிழில் சொன்னார்.

முருகம்மாள் அதற்குள் ஸ்பூனைக் கவ்விவிட்டாள்.

ஸ்யாமளா மாமி முகத்தில் ஈயாடவில்லை. கலெக்டர் சம்சாரத்தின் எதிரில் கூடாது என்று சொல்ல முடியுமா? எச்சில் ஸ்பூனை மகள் வாயில் வைக்கத்தான் முடியுமா? "அ... அதை அவளே வெச்சுக்கட்டும். எங்காத்து அன்பளிப்பு. ஜானுவுக்கு வேற இருக்கு" என்றாள். துரைசானி மாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு தயாளகுணமா என்று வியந்தாள். கூட்டம் கை தட்டியது. மாமியும் வேறு வழியில்லாமல் புன்னகைத்தாள்.

இந்தத் தடவை இரண்டு பேரையும் சேர்த்தே ஓடவிட்டோம். முருகம்மாளுக்கு அந்தத் தட்டை ஸ்பூன் பழக்கமில்லை. பழம் இரண்டு தடவை விழுந்தது. ஜானு பித்தளை ஸ்பூனோடு ஆடி அசைந்து வந்து ஜெயித்தாள். ஏற்கெனவே எங்கள் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு, எங்கள் பள்ளியில் படிக்கப் பரிசு.

அன்று முதல் வக்கீலுக்கு வீட்டில் நிம்மதி இல்லை. அது மாமியின் பிறந்தகத்தில் கல்யாணத்துக்குக் கொடுத்த ஆறு வெள்ளி ஸ்பூனில் ஒன்று. "ஆறு அஞ்சாயிடுத்தே, எங்கம்மா கேட்டா என்னன்னா சொல்லுவேன்?" என்று காலையில் ஒருதரம், ராத்திரி ஒருதரம். வக்கீலே என்னிடம் சொல்லி அழுதார்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று இருளாயி மகளோடு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெள்ளி ஸ்பூனை என் மேஜை மேல் வைத்தாள். "பீசுக்கு இத எடுத்துக்கிட்டு எம்மகள எழுதிக்கங்க சாமி."

உள்ளேயிருந்த வக்கீல் ஸ்பூனைக் கண்டதும் வேஷ்டி தடுக்க ஓடி வந்தார். கையில் எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, சரி. ஒரு வருஷம் எழுதிக்கும் ஓய், பணத்தை நான் கட்டிடறேன்."

"ஒரு வருசமா?" இருளாயி ஸ்பூனுக்குக் கை நீட்டினாள். "இம்புட்டு வெள்ளிக்கு ஒரு வருசந்தானா? அப்ப குடுங்க சாமி. தெக்காவணி மூல வீதி ஆசாரிகிட்டப் போறேன்."

தினமும் தயிருக்குப் பேரம் பேசுகிறவளிடம் வக்கீல் ஜெயிக்க முடியுமா? இரண்டு என்றார், மூன்று என்றார். கடைசியில் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை என்று தம் கையாலேயே ரசீது எழுதிக் கொடுத்தார்.

"எச்சில்..." என்று இழுத்தேன். எனக்கும் அன்றைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"வெள்ளிக்கு ஏது ஓய் எச்சில்? புளி போட்டுத் தேய்ச்சாத் தீர்ந்தது" என்று சொல்லி, ஸ்பூனை மடியில் செருகிக்கொண்டார்.

நெல்லிக்காயளவு புளியில் தீர்கிற விஷயத்துக்கா மூன்று நாள் கூட்டம் போட்டார்கள்? அன்றைக்கு மணலில் அந்தப் புளி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை.

ரிஜிஸ்தரைத் திறந்து முருகம்மாளின் பெயரை எழுதினேன். அவள் மேஜை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் கிடந்த என் விசிலைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"சார்," என்றாள், "இங்கயும் செயிச்சா மறுபடி ஓடணுமா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள் அறையில் வக்கீல் இருமினார். விசிலை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினேன்.