தாளம் என்றொரு வீட்டுப்பேர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தங்கை ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்று, "அக்கா, ஒரு பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்குமே தெரியலைன்னா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று கத்தினாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நான் கதை எழுதுகிறவள் என்பது அந்த நிமிஷம் அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். எனக்கு மறக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

முன்னொரு காலத்தில், பனைமரங்கள் அடர்ந்த ஓர் ஆற்றங்கரையில், தாளம் என்னும் பெயர்கொண்ட ஒரு குடும்பம்

அங்கேயே நிறுத்திவிட்டேன். அப்படி ஓர் ஆற்றங்கரை இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைக் கூசாமல் எழுதியதால் வந்த வினைதான் இந்தக் கதையே.

இரண்டாவது தொடக்கம்: "அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல் ஒரு கணம் தயங்கின." தங்கை அதைப் படித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தாள். "என் விரல் எதுவும் தயங்கலை. கடகடன்னு அடிச்சேன். அதுதானே பிரச்சினையே!"

சரி, தாயே. கடகடவென்றே சொல்லிவிடுகிறேன்.

2

தங்கையின் அலுவலகம் ஒரு மிதிவண்டிக் கடைக்கு மேலே இருக்கிறது. ஒரே அறை, அதற்குள் தட்டி வைத்து மேனேஜருக்கு ஒரு மூலை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். அங்கே அவர்கள் செய்வது, உலகத்தில் உள்ள குடும்பப் பெயர்களுக்கெல்லாம் இணையத்தில் பெயருக்கு ஒரு பக்கம் எழுதுவது. எந்தப் பெயராக இருந்தாலும் இரண்டு தலைப்பு உண்டு: தோற்றம், பரவல். அதாவது, பெயர் எங்கிருந்து வந்தது, எத்தனை பேர் எங்கெங்கே வைத்திருக்கிறார்கள். இரண்டில் எது நீளம் குறைந்தாலும் திரையில் சிவப்புக் கோடு விழும். சிவப்புக் கோடு விழுந்தால் மேனேஜர் எழுந்து வருவார்.

ஒரு மத்தியானம் அவளுக்கு வந்த பெயர், தாளம். தெலுங்குக் குடும்பப் பெயர். தெலுங்குக்காரர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் வீட்டுப்பேர் என்று ஒன்றை வைத்துக்கொள்வார்கள். ஊர், தொழில், கண்ணில் பட்ட ஒரு பொருள், எதிலிருந்தும் அது வந்திருக்கலாம். இந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் சில நூறு பேர்தான். நாலைந்து நகரங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் கிடையாது. தங்கைக்குத் தெலுங்கும் கிடையாது. நமக்குத் தாளம் என்றால் தாளம்தானே? அடித்துவிட்டாள்:

"முற்காலத்தில் கொட்டு வாசித்த குடும்பத்தினர் இப்பெயரைப் பெற்றனர்."

பரவல் என்ற தலைப்பில் சிவப்புக் கோடு போகவில்லை. அதனால் இன்னொன்றும் சேர்த்தாள்:

"மிக அரிய பெயர் என்பதால், இதைக் கொண்ட அனைவரும் ஒரே குடும்பத்தின் கிளைகளே."

கோடு மறைந்தது. கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தெலுங்கில் தாளம் என்றால் பூட்டு. பாட்டுக்குப் போடும் தாளமும் உண்டு. பனைமரத்துக்கும் அந்தச் சொல் பொருந்துமாம். தங்கைக்கு இது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒளித்துவைத்து விளையாட எனக்குப் பொறுமை இல்லை.]

3

சில மாதம் கழித்து ஒரு பெண் மாடியேறி வந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வேலைச் சட்டையோடேயே வந்திருந்தாள்.

"தாளம் பக்கத்தை எழுதினது யாரு?"

தங்கை கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

"மேடம், அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க. என் கல்யாணமே நின்னு கிடக்கு."

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரி லிஃப்ட் பழுதாகி, அதைச் சரிபண்ண ஒரு பையன் வந்திருக்கிறான். அவன் கழுத்தில் தொங்கிய அட்டையில் தாளம் என்று இருந்தது. இவளும் தாளம். தன் வீட்டைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருந்து இவள் பார்த்ததே இல்லை, அவனும் பார்த்ததில்லை. அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர்கள் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டார்கள். ஒரே வீட்டுப்பேர் என்றால் பங்காளி முறை, பெண் எடுக்கக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் முனகல் இருந்தது. ஆனால் சொந்தம் என்று யாருக்கும் யாரையும் தெரியாது, இங்கே தெலுங்கு, அங்கே தெலுங்கு, அவ்வளவுதான் என்று மெல்ல இறங்கி வந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா கண்ணில் இந்தப் பக்கம் பட்டது.

"ஒரே குடும்பத்தின் கிளைகளேன்னு போட்டிருக்கீங்க. 'கிளைகளே'! அந்த ஏகாரத்தைப் பார்த்துட்டு அவங்க அசைய மாட்டேங்கறாங்க."

தங்கை கேட்டாள்: "உங்க வீட்ல என்ன சொல்றாங்க? பேரு எங்கேருந்து வந்துச்சாம்?"

"எங்கப்பா சொல்றார், எங்க முன்னோர் ஒருத்தர் கஜானா பூட்டைக் காத்தவராம். தாளம்னா பூட்டு."

"ஓ! அப்ப நல்லதாப் போச்சு."

"எங்க சித்தப்பா சொல்றார், அவர் பூட்டுக்கு உள்ளே இருந்தவராம்."

4

இந்த இடத்தில் பையனின் அம்மாவை ஒரு கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். உதட்டை இறுக்க வைத்தேன், கண்ணாடிக்கு மேலாக முறைக்க வைத்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. தங்கை தாளைப் பிடுங்கினாள்.

"அவங்களைக் கெட்டவங்களாக்காத. நீ பார்த்ததில்லை. நான் பார்த்தேன்."

அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. மறுவாரம் அவரும் மாடியேறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, தங்கைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு வந்து மாத்தச் சொன்னாளாமே. மாத்தாதம்மா."

"மேடம், அது வந்து..."

"எங்க வீட்டுக்காரர் இருந்தாரே, கை வச்ச இடத்துல சும்மா இருக்க மாட்டார். சாப்பாட்டு மேசை, ஸ்கூட்டர், பையன் முதுகு, எல்லாத்துலயும் தட்டிக்கிட்டே இருப்பார். தலைவலிக்குது, நிறுத்துங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து திட்டினேன். பேப்பர் திருத்தும்போது பக்கத்துல உட்கார்ந்து தட்டுவார், எழுந்து அந்த ரூமுக்குப் போங்கன்னு விரட்டியிருக்கேன். இப்ப ஆளில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் பக்கத்தைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது. கொட்டு வாசிச்ச வம்சமாம். அது கெட்ட பழக்கம் இல்லம்மா. ரத்தத்துல வந்தது. எனக்குத் தெரியாமப் போச்சு."

தங்கை "ஆனா கல்யாணம், மேடம்?" என்றாள்.

"அதே பக்கத்துலதானே எல்லாரும் ஒரே குடும்பம்னும் போட்டிருக்கு? எனக்குப் பிடிச்சதை நம்பி, பிடிக்காததை விட்டுடறதா? அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

(இதற்கப்புறம் நான் அவரை முறைக்க வைக்கவில்லை.)

5

தங்கை ஒரு தெலுங்குப் பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தாள். அவர் பூட்டு என்றார், கொட்டு என்றார், பனை என்றார், அந்தப் பெயரில் ஏதாவது ஊரே இருந்திருக்கலாம் என்றார். "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்" என்று இவள் கெஞ்ச, "ஏம்மா, யாரோ யாரையோ எப்பவோ கூப்பிட்ட பேரு. கூப்பிட்டவனும் இல்ல, கூப்பிடப்பட்டவனும் இல்ல. நான் யாரைக் கேக்கறது?" என்று அவரும் எரிந்து விழுந்தார்.

எக்ஸ்ரே பெண் தினமும் அழைத்தாள். அவளிடம் ஒரு யோசனை இருந்தது. "அக்கா," (அதற்குள் மேடம், அக்கா ஆகியிருந்தாள்) "ரெண்டு தோற்றம்னு போட்டுடுங்க. எங்களுக்குப் பூட்டு, அவங்களுக்குக் கொட்டு. வேற வேற குடும்பம். அவங்களுக்கும் மனசு குளிரும், எனக்கும் கல்யாணம் நடக்கும்."

யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு வரி. யாருக்கும் நஷ்டமில்லை. நானாக இருந்தால் எழுதித் தொலைத்திருப்பேன். தங்கையிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

"நீ எழுதுவ. உன் வேலை அது. ஒரு தடவை அடிச்சுவிட்டதுக்கே எங்கேயோ ஒரு வீட்ல கல்யாணம் நிக்குது. மறுபடி அடிச்சுவிட்டா நாளைக்கு எந்த வீட்லேருந்து யார் மாடியேறி வருவாங்களோ? அதுவும் அந்தம்மா முகத்தைப் பார்த்தப்புறம் எனக்குக் கை வரலைக்கா."

அவள் எழுதியது இது: "இப்பெயரின் தோற்றம் தெரியவில்லை. இதைக் கொண்டவர்கள் ஒரே குடும்பமா என்பதும் தெரியவில்லை."

இரண்டு தலைப்பிலும் சிவப்புக் கோடு. மேனேஜர் தட்டியைத் தாண்டி வந்தார்.

"என்னம்மா இது, தெரியவில்லை தெரியவில்லைன்னு? தெரியாதுங்கறதைப் படிக்கவா ஜனங்க வர்றாங்க?"

"தெரியலையே சார்."

"முன்னாடி தெரிஞ்சுதே!"

"முன்னாடியும் தெரியலை சார்."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தையே தூக்கிவிட்டார். மறுநாளிலிருந்து தங்கைக்கு வேறு வேலை: நாய்க்குட்டிக்கு வைக்கத் தகுந்த பெயர்கள். அதில் தோற்றமும் கிடையாது, பரவலும் கிடையாது.

பக்கம் போய்விட்டது என்று தலைமையாசிரியைக்கு யாராவது சொல்ல வேண்டுமே. தங்கையே அழைத்தாள். கொட்டு வாசித்த குடும்பம் என்பது தான் குத்துமதிப்பாக எழுதியது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"அப்ப அவர் சும்மாதான் தட்டினாரா?"

"அவருக்குப் பிடிச்சிருக்கும், மேடம்" என்றாள்.

"ம். வைக்கிறேன்மா."

இதைச் சொல்லும்போது தங்கை என் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நறுக்கியது நறுக்கியபடி

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

6

தலைமையாசிரியை சரி என்று சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பையனும் பெண்ணும் காத்திருந்து அலுத்துப்போய் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தார்கள். பெண் வீட்டில் சம்மதம். சாட்சிக் கையெழுத்துக்கு என் தங்கையைக் கூப்பிட்டார்கள். "நீங்க கிளப்பிவிட்டது, நீங்களே வந்து முடிச்சு வைங்க" என்றாளாம் பெண்.

பெண்ணின் அப்பா வந்தார், சித்தப்பா வந்தார். பையனோடு வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கல்யாணம் ஆனாலும் வீட்டுப்பேரை மாற்ற வேண்டியதில்லை, ஓர் அலைச்சல் மிச்சம் என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால், வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். மருந்து வாங்க இந்தப் பக்கம் வந்தாராம். பையன் போய்க் கூப்பிட்டான். "நீ போ, எனக்கு மூச்சு வாங்குது" என்று அனுப்பிவிட்டார்.

குமாஸ்தா கதவருகே வந்து நின்று, தாளில் முதலில் இருந்த சொல்லை மட்டும் உரக்கப் படித்தார்.

"தாளம்!"

எழுந்தார்கள். பையன் எழுந்தான், பெண் எழுந்தாள், அப்பா எழுந்தார், சித்தப்பா எழுந்தார். வெளியே பெஞ்சில் இருந்தவரும் எழுந்தார். கல்யாணமாகி வந்த நாளாக எந்த அலுவலகத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து பழகியவர். மற்றபடி அங்கே யார் யாருக்கு என்ன சொந்தம் என்று யாருக்கும் தெரியாது.

குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இதுல கல்யாணம் யாருக்கு?"

7

இப்போது முடிவு.

"அப்புறம்? அந்தம்மா உள்ளே வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலை."

"தெரியலைன்னா? நீ அங்கதானே நின்ன?"

"பேனா மூடி கீழே விழுந்துடுச்சு. குனிஞ்சு தேடிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தா பெஞ்ச் காலி. உள்ள ஒரே கூட்டம், அடுத்த ஜோடியோட ஆளுங்க வேற நுழைஞ்சுட்டாங்க. எனக்கு அரைநாள்தான் லீவு. கையெழுத்தைப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

பேனா மூடி! எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், இவள் பேனா மூடி தேடியிருக்கிறாள். இவளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?

நானே ஒரு முடிவு எழுதினேன். தலைமையாசிரியை உள்ளே வந்து பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்கிறார். தித்திப்பு கூடிப்போய்விட்டது, கோடு போட்டு அடித்தேன். இன்னொன்று எழுதினேன். அவர் வீட்டுக்குப் போய், தனியாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விரலால் மெல்லத் தட்டிப் பார்க்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. அதையும் அடித்தேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டு எக்ஸ்ரே பெண்ணையே அழைத்தேன். இன்னாருடைய அக்கா, இந்த மாதிரி ஒரு கதை எழுதுகிறேன், பேரெல்லாம் போட மாட்டேன், வீட்டுப்பேர் மட்டும் வரும் என்றேன். நன்றாகத்தான் பேசினாள். பெஞ்சைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்; பக்கத்து அறையில் யாரோ இருந்த மாதிரி இருந்தது.

"அதை மட்டும் எழுதாதீங்கக்கா. நீங்க எப்படி எழுதினாலும் அத்தை படிப்பாங்க. அச்சுல வந்துட்டா அதுதான் நடந்துச்சுன்னு நம்பிடுவாங்க."

எந்த அத்தை என்று நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஆகவே, பெஞ்சிலிருந்து எழுந்தவரை எழுந்தபடியே விடுகிறேன். கையில் மருந்துப் பை இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, குமாஸ்தா பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்த அம்மாளை எந்தப் பக்கம் நடக்க வைக்கிறீர்களோ, அது உங்கள் பாடு. ஆனால் எதுவானாலும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைக்காதீர்கள்.