மூன்றாம் வருடத்து நாற்காலி

சனிக்கிழமை மதியம் தொலைபேசி அடித்தபோது நான் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தொலைபேசியை என் மனைவி அம்பாரோதான் எடுப்பாள். நான் எடுத்தால், மறுமுனையில் இருப்பவர் இணைப்பு போய்விட்டதென்று நினைத்துக் கொஞ்ச நேரத்தில் வைத்துவிடுகிறார்.

அழைத்தது என் சகலை அன்செல்மோ. அம்பாரோவின் அக்கா எர்மிலாவின் கணவன். அவர்கள் இருப்பது புவெப்லாவில். நாங்கள் இருக்கும் மெக்சிகோ நகரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நான்கு வருடமாக அந்த இரண்டு மணி நேரத்தைக் கடக்க இரு பக்கத்திலும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

காரணம் ஒரு வாக்கியம். மாமியார் இறந்து ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து, சொந்தபந்தமும் தெருக்காரர்களும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எர்மிலா மோலே பரிமாறினாள். அந்த ஊரில் மிளகாயும் எள்ளும் பாதாமும் சாக்லேட்டும் வீட்டிலேயே வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தால்தான் அது மோலே. அம்பாரோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, இது கடை விழுதுதானே?" என்றாள். குத்திக் காட்டவில்லை, மழை வருதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். எர்மிலா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு தங்கையிடம் பேசவில்லை.

அது கடை விழுதுதான். தாய் செத்த வீட்டில் ஒன்பது நாளும் ஓடியாடியவள் எப்போது அரைத்திருப்பாள்? எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் யாரும் கேட்கவில்லை.

தனக்குப் பொய் வராது என்பதை அம்பாரோ ஒரு உடல்குறை போலத்தான் சொல்லுவாள், வேறு சிலர் காது மந்தம் என்று சொல்வது மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியைக் கையில் எடுப்பாள், துடைப்பாள், வைப்பாள். நான் பக்கத்தைப் புரட்டுவேன். எங்கள் வீட்டில் மிகச் சுத்தமான பொருள் அந்தத் தொலைபேசி.

"ஏன் ரகசியமா பேசுற?" என்று அம்பாரோ கேட்பது காதில் விழுந்தது. ஒலிபெருக்கியை அமுக்கினாள்.

"மாடில தண்ணித் தொட்டி பக்கத்துல நிக்கிறேன். எர்மிலாவுக்குத் தெரியாது," என்றான் அன்செல்மோ. "நாளைக்கு மெழுகுவர்த்தித் திருநாள். பாலனைத் தூக்க ஆள் இல்ல. ஞானத்தாய் ஒப்தூலியாம்மா மக பிரசவத்துக்குத் திஹுவானா போயிட்டாங்க."

பாலன் என்பது என் மாமியார் வீட்டுக் குழந்தை இயேசு சுரூபம். கிறிஸ்துமஸ் இரவில் குடிலில் படுக்க வைத்தால் பிப்ரவரி இரண்டாம் தேதி ஞானத்தாய் வந்து தூக்கி, புது உடை உடுத்தி, கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்க வேண்டும். மாமியாருக்குப் பிறகு, அவனை வைத்திருக்கும் எர்மிலாதான் அவனுக்குத் தாய். மூன்று வருடம் அதே ஞானத்தாய். மூன்றாம் வருடம் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். உடையும் நாற்காலியும் ஞானத்தாய் செலவு. ஒப்தூலியாம்மா இரண்டு வருடம் முடித்துவிட்டு மூன்றாவதில் போய்விட்டார்.

"அக்கா என்ன சொல்றா?" என்றாள் அம்பாரோ.

"யாரா இருந்தாலும் பரவால்ல, வந்து தூக்கட்டும்னா."

"அந்த யாரோல நானும் சேர்த்தியா?"

அன்செல்மோ யோசித்தான். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "சேர்த்தின்னு சொல்லல. சேர்த்தியில்லைன்னும் சொல்லல."

"ஒருவாட்டி ஞானத்தாயாயிட்டா அப்புறம் சண்டை போடக் கூடாது, இல்ல?"

"சாமி குத்தம். அக்கா தங்கச்சி எவ்வளவு வேணாலும் அடிச்சுக்கலாம். பாலனோட அம்மாவும் ஞானத்தாயும் அடிச்சுக்கவே கூடாது. ஆனா நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லிராத."

"பின்ன எப்படி வந்தோம்னு சொல்ல?"

"சும்மா பாக்க வந்தோம்னு சொல்லு."

"சும்மா, நாற்காலியோடயா?"

அன்செல்மோ தொலைபேசியை வைத்துவிட்டான்.

அம்பாரோ ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "மாத்துச் சட்டை ஒண்ணு எடுத்துக்கங்க. புஸ்தகம் ஒண்ணு போதும்." கதவருகே நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா கதவத் தொறக்கலன்னா, இனி நான் போக மாட்டேன். எனக்கிருக்கறது அவ ஒருத்திதான்." நான் இரண்டு புத்தகம் எடுத்துக்கொண்டேன்.

சந்தைக்குப் பின்னால் பாலன் உடை விற்கும் தெருவில் நடக்க இடமில்லை. பெண்கள் எல்லோரும் தங்கள் சுரூபங்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் தட்டிக் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

"என்ன அளவும்மா?" என்றாள் கடைக்காரி.

அம்பாரோ முழங்கையை மடக்கி நீட்டினாள். "இதுலேர்ந்து விரல் நுனி வரைக்கும். சின்ன வயசுல எங்கம்மா என் கைல படுக்க வைப்பாங்க. அச்சா பொருந்தும்."

"ஆளையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அவன் புவெப்லால இருக்கான்."

"தனியாவா?"

"எங்கக்காகிட்ட."

கடைக்காரிக்கு நிம்மதியாயிற்று. சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்த அரச உடை, கிரீடம், தங்கப் பூச்சு நாற்காலி, எல்லாம் அந்தக் கை அளவுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

பஸ்ஸில் நாற்காலியைக் கீழே சாமான் அறையில் போடச் சொன்னார்கள். அம்பாரோ மறுத்துவிட்டாள். அது என் மடிக்கு வந்தது. இரண்டு புத்தகமும் பைக்குள் கிடந்தன. பக்கத்து வரிசைப் பெண் நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாலன் எங்கே?" என்று கேட்டாள். போய்த்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அம்பாரோ சொன்னாள். ரொம்பக் குறும்பா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை, அமைதியானவன் என்று சொன்னாள் அம்பாரோ. பிறகு பேச்சு நின்றது. ஜன்னலுக்கு வெளியே எரிமலை புகைந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் வழக்கம் அது.

மௌனங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பேச ஒன்றுமில்லாததால் வருவது ஒன்று. அது ஓய்வு. பேச வேண்டியது வாசலில் நின்றும் உள்ளே விடாததால் வருவது வேறு. நான்கு வருடம் அந்த இரண்டாவது வகையோடு ஒரே வீட்டில் இருந்தவன் நான். என்னைக் கேட்டால், முதல் வகைக்குப் பக்கத்தில் அதை நிற்க வைக்கவே கூடாது. யாரும் என்னைக் கேட்டதில்லை.

எர்மிலாதான் கதவைத் திறந்தாள். இடுப்புத்துணியில் மிளகாய்க் கறை. தங்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியில் பார்வை நின்றது.

"இது எதுக்கு?"

"உக்கார," என்றாள் அம்பாரோ.

"என் வீட்ல நாற்காலி இல்லன்னு யாரு சொன்னா?"

உள்ளேயிருந்து அன்செல்மோ வந்து, வாழ்நாளில் இவ்வளவு ஆச்சரியப்பட்டதில்லை என்பது போல ஆச்சரியப்பட்டான். "அடடா! யாரு பாரு! எப்படி இப்படித் திடீர்னு?"

"நடிக்காத," என்றாள் எர்மிலா. "தண்ணித் தொட்டிகிட்ட நீ பேசினது தெருவுக்கே கேட்டுச்சு." கதவை விட்டு விலகி நின்றாள். வா என்று சொல்லவில்லை. விலகியது போதும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கூடத்தில் குடில் அப்படியே இருந்தது. பாசிக்கும் மிட்டாய்க்கும் நடுவே பாலன் கழுத்துவரை கம்பளி போர்த்திப் படுத்திருந்தான். ஞானத்தாய் வந்து தூக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. முகம் மட்டும் தெரிந்தது. மூக்கு நுனியில் பூச்சு உதிர்ந்திருந்தது.

அம்பாரோ குனிந்து பார்த்தாள். "மெலிஞ்சிருக்கானே."

"பிளாஸ்டர் மெலியுமா?"

"முகம் சின்னதா தெரியுது."

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்," என்று சொல்லிவிட்டு எர்மிலா அடுக்களைக்குப் போனாள். நான்கு வருடத்துக்குப் பிறகு இவ்வளவு நீளமான உரையாடல் என்று அன்செல்மோ என் காதில் சொன்னான்.

மறுநாள் விருந்துக்கான மோலே அடுப்பில் இருந்தது. எர்மிலா எங்களுக்குக் கோழியோடு அதைப் பரிமாறினாள். பிறகு உட்காரவில்லை. அடுப்புக்கு முதுகு காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்செல்மோ ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தான். நான் முதல் வாய் எடுத்தேன். கசந்தது. எள் கருகியிருந்தது. கடை விழுது ஒருநாளும் கசக்காது. இயந்திரத்துக்கு அடுப்பை மறந்துபோகத் தெரியாது. இது அவள் கையால் வறுத்து, அவள் கையால் அரைத்தது.

அம்பாரோ சாப்பிட்டாள். மெல்ல மென்றாள். அவளோடு இருபத்தைந்து வருடம் வாழ்ந்தவனுக்கு அந்தத் தாடையின் அசைவு தெரியும். பங்குச் சாமியாரிடம் பிரசங்கம் நீளம் என்று சொல்வதற்கு முன்னால் அது அப்படித்தான் அசையும். நான் மேஜைக்கடியில் அவள் காலைத் தேடினேன். அகப்பட்டது அன்செல்மோவின் கால்.

"எள்ளு நீயே வறுத்தியாக்கா?"

"நானேதான்."

"ம்," என்றாள் அம்பாரோ. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு ரொட்டி குடு," என்றாள்.

எர்மிலா ரொட்டியை எடுத்துப் போட்டாள். அந்த 'ம்' எந்தப் பக்கம் விழுந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை. அன்செல்மோ மிக வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தான்.

படுக்கப் போனபோது அம்பாரோ விட்டத்தைப் பார்த்து, "கருகிருச்சு," என்றாள், சுமையை இறக்கி வைப்பவள் போல. பிறகு, "உக்காந்து அரைச்சிருக்கா, பாவி," என்றாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். நான் புத்தகத்தைப் பிரித்து, வாசிக்காமல் வைத்திருந்தேன்.

காலையில் தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். நான்கு வருடத்துக்கு முன் அந்த மோலேயைச் சாப்பிட்ட அதே முகங்கள். மெழுகுவர்த்திகள் ஏற்றியாயிற்று. எப்போதும் ஜெபத்தை நடத்தும் கசில்தாம்மா கரகரத்த குரலில் ஆரம்பித்தார். அம்பாரோ முழங்காலில் நின்று கம்பளியை விலக்கி, பாலனைத் தூக்கித் தன் கையில் படுக்க வைத்தாள்.

முழங்கையில் தலை. பாதம் மணிக்கட்டைக்கூடத் தொடவில்லை.

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பாலன் அச்சாகப் பொருந்தியது ஏழு வயதுக் கைக்கு. அவன் அப்படியேதான் இருந்தான். கைதான் நீண்டுவிட்டது. இருவரும் கடையில் நின்றோம். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஜெபத்தின் நடுவே உடை உடுத்த வேண்டும். எங்களிடம் வேறு உடை இல்லை. அம்பாரோ வெல்வெட்டை அவன் தலைவழியாகப் போட்டாள். அவன் அதற்குள் காணாமல் போனான். துழாவி மேலே எடுத்தாள். உடையின் கைகள் தொங்கின, விரல்கள் எங்கேயோ உள்ளே இருந்தன. கிரீடம் மூக்கில் வந்து நின்றது. நாற்காலியில் உட்கார வைத்தாள். முதலாளி வெளியே போன நேரத்தில் அவர் நாற்காலியில் ஏறிய பையன் மாதிரி, ஒரு பக்கமாகச் சரிந்தான்.

கசில்தாம்மா முதல் முறையாக ஜெபத்தில் ஒரு வரியை விட்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. பிறகு எல்லோரும் எர்மிலாவைப் பார்த்தார்கள்.

இப்போது அவள் முறை. அது அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வாக்கியம் போதும். அதுவும் உண்மையான வாக்கியமாகவே இருக்கும். அம்பாரோ முழங்காலை விட்டு எழவில்லை. தலையைக் குனிந்து, அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்கும் முகம் இல்லை அது. கணக்கு நேராகட்டும் என்ற முகம்.

எர்மிலா இடுப்புத்துணியில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். நானே தாங்க முடியாத அளவுக்கு நீளமான ஒரு மௌனத்தை என் வாழ்க்கையில் அப்போதுதான் கேட்டேன். பிறகு அவள் முன்னால் வந்து பாலனுக்கு எதிரே குந்தி, கிரீடத்தைப் பின்னுக்குத் தள்ளினாள். தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி உடையின் ஒரு கையை மடித்துக் குத்தினாள். இன்னொரு ஊசி, இன்னொரு கை. தள்ளி நின்று பார்த்தாள்.

"வளருவான்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு தாய் அப்படிச் சொன்னால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கசில்தாம்மாதான் விடவில்லை. "ஆனா எர்மிலா, இது மூணாம் வருஷம். இன்னிக்கு அவன் ஒழுங்கா உக்காந்தாகணும். கணக்கு இருக்கில்ல?"

"புது ஞானத்தாய் வந்தா கணக்கு ஒண்ணுலேர்ந்து," என்றாள் எர்மிலா.

"அப்படி யாரு சொன்னா?"

"எங்கம்மா."

என் மாமியார் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. அம்பாரோவுக்கும் அது தெரியும். அவள் தாடை அசைந்தது.

"ஆமா," என்றாள் அம்பாரோ. "அம்மா சொல்லியிருக்காங்க."

என் மனைவி பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகவே சொன்னாள்.

எர்மிலா பீரோவைத் திறந்து, பழைய வெள்ளை அங்கி ஒன்றை எடுத்து வந்தாள். முதல் வருடத்துக்கு வெள்ளைதான். வெல்வெட்டை இருவருமாக மடித்தார்கள். நாற்காலியைத் துணி சுற்றி பீரோவுக்கு மேலே ஏற்றும் வேலை எனக்கும் அன்செல்மோவுக்கும் வந்தது. "இன்னும் ரெண்டு வருஷம் நீங்க தப்ப முடியாது, சகலை," என்றான் அவன், கீழிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டே. கோவிலுக்குப் போகும் வழியில் பாலனை அம்பாரோ தூக்கினாள். மெழுகுவர்த்தியை எர்மிலா பிடித்தாள். மெழுகு சொட்டுகிறது, தள்ளிப் பிடி என்று ஒருத்தியும், பார்த்து நட, அவனைக் கீழே போட்டுவிடாதே என்று ஒருத்தியும் கோவில் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் என் மடியில் ஒரு பாத்திரம் இருந்தது. எர்மிலா மீதி மோலே முழுவதையும் மூடிக் கட்டிக் கொடுத்திருந்தாள். இந்த முறையும் சாமான் அறைக்கு அம்பாரோ சம்மதிக்கவில்லை. எரிமலை இடதுபக்கம் வந்து, பின்னால் போனது.

"வீட்டுக்குப் போனதும் அக்காவுக்கு ஒரு போன் போடணும்," என்றாள் அம்பாரோ. "வந்து சேர்ந்துட்டோம்னு." பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள். "அப்படியே, எள்ள இன்னும் கொஞ்சம் சின்னத் தீயில வறுத்திருக்கலாம்னு ஒரு வார்த்தை..."

"வேண்டாம்," என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு நாளில் நான் பேசிய முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறேன். அதனாலோ என்னவோ, கேட்டுக்கொண்டாள்.