பட்டன் இல்லாத பேனா

மேசைமேல் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து, பக்கத்தில் இரண்டு பேனாக்களையும் எடுத்து வைத்துவிட்டு, "ம், எடுத்துக் குத்துங்கம்மா" என்றாள் நர்ஸ் ஜெனிட்டா. அம்சா கையை மடியிலேயே வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தாள். பேனா என்றால் எழுதுகிற பேனா இல்லை. மருந்தும் ஊசியும் உள்ளேயே அடங்கிய தடித்த பிளாஸ்டிக் குழல். தொடையில் வைத்து அழுத்தினால் தானே குத்தி, தானே மருந்தை இறக்கிவிடும். மேசையில் இருந்தவை பழகிப் பார்ப்பதற்கான வெற்றுப் பேனாக்கள். ஒன்றுக்குத் தலையில் பட்டன் இருந்தது. இன்னொன்றுக்கு அதுவும் இல்லை, வைத்து அமுக்கினால் போதும்.

அம்சாவுக்கு மூட்டு வாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஊசி. இதுவரை சாதா சிரிஞ்சுதான். "இப்பிடியே சிரிஞ்சுல போட்டுக்கினாலும் சரி, பேனாவுக்கு மாறினாலும் சரி. மருந்து ஒண்ணுதான். பேனான்னா நீங்களே போட்டுக்கலாம், யார் தயவும் வேணாம். நர்ஸ் காட்டுவாங்க, பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். செங்கல்பட்டில் இவ்வளவு பொறுமையாகப் பேசுகிற டாக்டர் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அம்சாவுக்கு அந்த ஆள்மேல் கோபம் கோபமாக வந்தது. யார் தயவும் வேண்டாம் என்று அவள் எப்போது கேட்டாள்?

சிரிஞ்சைப் போடுவது அவள் புருஷன் அருணகிரி. கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். இந்த நிமிஷம் வெளியே வராந்தாவில், அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன தை மாதத்திலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. சண்டை, சத்தம் எதுவும் கிடையாது. சோறு போட்டால் சாப்பிடுவார், சம்பளத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைப்பார், ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார். வாயைத் திறந்து அவளிடம் ஒரு வார்த்தை, அது மட்டும் வராது.

அந்தத் தையில்தான் மகள் ஸ்வாதி படூரில் கூட வேலை பார்த்த ஜோஷ்வாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர்கள் பழகுவது அம்சாவுக்கு ஒரு வருஷம் முன்பே தெரியும். தெரிந்தது மட்டுமா, ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி ரசம் வைத்தாள். மகள்மேல் அருணகிரிக்கு இருந்த கோபம் ஆடி மாதத்துக்குள் தணிந்துவிட்டது. மருமகனோடு போனில் மணிக்கணக்காகக் கிரிக்கெட் பேசுகிறார். கொக்கிலமேட்டிலிருந்து நல்ல வஞ்சிரம் வந்தால் பாதி படூருக்குப் போகிறது. "அது சின்னப் பொண்ணு, வயசு அப்பிடி. இத்தினி வருசம் கூட குடும்பம் நடத்தினவ எங்கிட்ட மறைச்சா பாரு, அதான் தாங்கல" என்று தன் தம்பியிடம் அவர் சொன்னதைச் சமையல்கட்டில் இருந்து அம்சா கேட்டாள். உண்மைதானே.

ஆக, மிச்சம் இருந்தது அந்த வெள்ளிக்கிழமை ஊசி ஒன்றுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சிரிஞ்சைக் குளிர் விடுவதற்காக உள்ளங்கையில் மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அப்புறம் இடது கையால் தொடைச் சதையை மெதுவாகக் கிள்ளிப் பிடிப்பார். அவ்வளவுதான். அந்தக் கை தன்மேல் படுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அம்சா இரண்டு வாரம் காத்திருந்தாள். பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயசில் இது என்ன கேடுகெட்ட ஆசை என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டினால் போய்விடுகிற ஆசையா அது?

"இன்னாம்மா, பார்த்துகினே கீறீங்க?" என்றாள் ஜெனிட்டா.

அம்சா பட்டன் வைத்த பேனாவை எடுத்தாள். பெருவிரலைப் பட்டன்மேல் வைத்து, வேண்டுமென்றே நழுவ விட்டாள். "அமுக்க வரல சிஸ்டர். வெரல் வலிக்குது."

"அதுக்குத்தான் இது கீது" என்று பட்டன் இல்லாததை நீட்டினாள் ஜெனிட்டா. அம்சா அதை ஸ்பாஞ்சில் சாய்த்து வைத்தாள், பாதியில் தூக்கினாள், கை நடுங்குகிறது என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். நன்றாக ஆடத் தெரிந்தவளே அப்படிச் சொன்னால் அந்தப் பெண்தான் என்ன செய்யும்? வராந்தாவைப் பார்த்து, "சார், கொஞ்சம் வாங்க. அம்மாவுக்கு வரல. சிரிஞ்சே எழுதிடலாமா?" என்று கூப்பிட்டாள்.

அருணகிரி பையோடு உள்ளே வந்தார். ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக்கூட நர்ஸிடம்தான் சொல்லப்போகிறார்.

அருணகிரி பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வரும் சிஸ்டர். அவங்க கை இப்போ நல்லாதான் கீது. தேங்காய அவங்களே ஒடைக்கறாங்க" என்றார். பிறகு, "கையெழுத்துகூட நல்லா போடுவாங்க" என்றார்.

ஜெனிட்டா ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். அம்சாவுக்கு முகம் சிவந்து காது அடைத்தது. அப்படியென்றால் இந்த மனுஷனுக்கு இது பாரமாகத்தான் இருந்திருக்கிறது. எப்போது கை கழுவலாம் என்று காத்திருந்திருக்கிறார். அவள் பேனாவை வாங்கி ஸ்பாஞ்சில் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். டக்கென்று சத்தம் வந்தது. "இதையே எழுதிடுங்க சிஸ்டர், பட்டன் இல்லாதது" என்றாள். வீடு இருக்கிற திருப்போரூர் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை என்று சொல்வதற்கில்லை.

வெள்ளிக்கிழமை அருணகிரிக்கு செகண்ட் ஷிஃப்டு. ஊசி நாள் என்றால் கூட வேலை செய்கிற பூபாலனோடு மாற்றிக்கொண்டு சாயங்காலமே வந்துவிடுவது வழக்கம். இனி அதற்கு அவசியமில்லை. அம்சா வாசலைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே துணி மடித்தாள். நாலு மணிக்கு ஸ்வாதி போன் செய்தாள். "பயப்படாம போடும்மா. இனிமே நீ அப்பா மூஞ்சியப் பார்த்துகினு ஒக்கார வேணாம்" என்றாள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்! அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த பேனாவோடு வந்து அம்சா கட்டிலில் உட்கார்ந்தாள். கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

அருணகிரி காக்கிச் சட்டையோடு வந்தார். நேராகக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். வந்து கட்டிலின் விளிம்பில், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

ஏன் வந்தார் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாரோ என்று அம்சாவுக்குப் பயம். மூடியைக் கழற்றிப் பேனாவைத் தொடையில் வைத்து அழுத்தினாள். டக். இரண்டாவது சத்தம் வரும்வரை எடுக்கக் கூடாது என்று ஜெனிட்டா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அருணகிரி பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார், டிராஃபிக் சிக்னலைப் பார்ப்பதுபோல. இரண்டாவது டக் வந்தது. அவள் பேனாவை எடுத்தாள். கடுகளவு ரத்தம்.

அவள் பஞ்சுக்குக் கை நீட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டார்.

"வலிக்குதா?" என்றார். பஞ்சைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அறையில் வேறு யாரும் இல்லை.

எறும்பு கடித்தால்கூட இதைவிடச் சுருக்கென்று இருக்கும். அருணகிரியின் முரட்டு ஊசியோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஊசியே இல்லை.

"வலிக்குது" என்றாள் அம்சா.

பெருவிரல் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. ரத்தம் எப்போதோ நின்றிருக்கும். சமையல்கட்டிலிருந்து பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.