முதலில் இறங்கியவர்

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற பெண்ணுக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். படகு நேரங்களை அவள் கரும்பலகையில் எழுதிவைத்திருந்த அழகைப் பார்த்த துறைமுக அதிகாரி, "இதையும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிதாக ஒன்றுமில்லை, எட்டு வரி. இந்தக் குடியிருப்புக்கு முதலில் யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று பயணிகள் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு பலகை. மரமும் வர்ணமும் அலுவலகத்துச் செலவு.

பாவம், அதிகாரி வெளியூர்க்காரர்.

குடியிருப்பு என்றால் தண்ணீரை ஒட்டி ஒரே தெரு, நாற்பத்தொரு வீடு. ஒரு முனையில் படகு கட்டும் பட்டறை, மறுமுனையில் வலைக்கொட்டகை. பட்டறை வீட்டாருக்கும் வலை வீட்டாருக்கும் மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவிலிருந்த வீடுகள் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒரு சமயம் தெரு நடுவில் விளக்குக் கம்பம் நட வந்தார்கள். விளக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எட்டு மாதம் பேசினார்கள். கடைசியில் ஒரே கம்பத்தில் இரண்டு விளக்கு மாட்டிவிட்டு மின்வாரியத்து ஆட்கள் தலை தெறிக்க ஓடினார்கள். அங்கே எவரும் எதையும் எவருக்கும் விட்டுக்கொடுத்ததாகக் கேள்வியில்லை.

டிக்கெட்டம்மா பட்டறை வீட்டு மருமகள். அதனால் முதலில் மாமியாரிடம்தான் கேட்டாள்.

"இதுல எழுத என்ன இருக்கு?" என்றார் மாமியார். "உன் மாமனாரோட தாத்தா தன் கையால கட்டுன படகுல தன்னந்தனியா வந்தாரு. நாலு இடத்துல தண்ணிய வாயில ஊத்திப் பாத்தாரு. இங்கதான் ருசியா இருக்குன்னு இறங்கிட்டாரு. எழுதிக்கோ."

"கடல் தண்ணியையா அத்தை?"

"நீ எழுது."

மறுநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வலைக்கொட்டகைக்குப் போனாள். வலைக்காரர் கிழிந்த வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "பட்டறை வீட்டு மருமகளா? வா" என்றார். அவருடைய தாத்தா படகிலேயே வரவில்லையாம். வலையைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்தியே வந்தாராம். இரண்டு நாள். பல்லில் வலை இருந்தால் மூச்சு எப்படி விட்டார் என்ற கேள்வி டிக்கெட்டம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வீட்டில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று விழுங்கிவிட்டாள்.

நடுவீடுகளில் கேட்டபோது இன்னும் ஏழு பேர் முதலில் வந்துவிட்டார்கள். எட்டு வரிக்கு ஒன்பது முதலாமவர்கள். அதிகாரிக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொன்னதும் அவர், "பழைய கலங்கரை விளக்கத்துல ஒரு இரும்புப் பெட்டி இருக்கும்மா. அந்தக் காலத்துக் காவலாளி எழுதிவெச்ச குறிப்பேடெல்லாம் அதுலதான் கிடக்கு. சாவி அனுப்பறேன், பாருங்க" என்றார்.

விடுமுறை நாளில் கணவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவன் படகு எஞ்சின் மெக்கானிக். துருப்பிடித்த பூட்டை எண்ணெய் விட்டுத் திறந்து கொடுத்துவிட்டு வெளியே காற்று வாங்கப் போனான். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்பேடாகப் புரட்டினாள். அந்தக் காவலாளி சிக்கனமான மனிதர். காற்று, அலை, கடந்து போன கப்பல், அவ்வளவுதான். நான்காவது குறிப்பேட்டில், நூற்றுப் பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில், அவள் கை நின்றது.

'காலையில் மணல்திட்டில் ஒரு படகு ஏறி நின்றது. ஆட்கள் ஐந்து பேர். வழி தவறி வந்திருக்கிறாய் என்று படகோட்டியிடம் சொன்னேன். இதுதான் நான் வரவேண்டிய துறை என்கிறான். இங்கே துறையே கிடையாது என்றேன். கேட்கவில்லை.'

'இரண்டாம் நாள். தண்ணீர் ஏறிப் படகு மிதந்தது. ஆனால் பெண்கள் இருவர் கரையில் இறங்கி அடுப்பு மூட்டிவிட்டார்கள். அக்கா, தங்கை. அக்காவின் கணவன் தச்சன். தங்கையின் கணவன் வலை பின்னுகிறவன். இந்தப் படகோட்டியை நம்பி இனி ஏறமாட்டோம் என்கிறார்கள். கணவன்மார் படகில் இருந்தபடியே கெஞ்சுகிறார்கள்.'

'மூன்றாம் நாள். இன்னும் கெஞ்சுகிறார்கள்.'

'நான்காம் நாள். கணவன்மாரும் இறங்கிவிட்டார்கள். ஆணி இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். படகோட்டியும் இறங்கிவிட்டான். இதுதான் துறை என்று அப்போதே சொன்னேனே என்கிறான்.'

டிக்கெட்டம்மா தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மாமியார் முகம் நினைவுக்கு வந்தது. கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"எங்க வீட்டுத் தாத்தா கெஞ்சினாரா?"

"ரெண்டு நாள்."

"இத பலகையில எழுதப் போறியா?"

"நடந்தத எழுதத்தானே சொன்னாங்க?"

அவன் காதைச் சொறிந்துகொண்டான். "எழுது. ஆனா அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நீ சொல்ற அன்னைக்கு எனக்கு அக்கரையில எஞ்சின் வேலை இருக்கு."

எந்த நாள் என்று அவள் இன்னும் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிப் படகுக்கும் மூன்று மணிப் படகுக்கும் நடுவே, டிக்கெட்டம்மா சொல்லியனுப்பியதால் பயணிகள் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். பட்டறைப் பக்கத்தார் இடது பெஞ்சுகளில், வலைப் பக்கத்தார் வலது பெஞ்சுகளில். டீக்கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் வியாபாரம் உண்டு என்பதால் நடுவில் நின்றுகொண்டார். மெக்கானிக் சொன்னபடியே அக்கரை போயிருந்தான். டிக்கெட்டம்மா குறிப்பேட்டை விரித்து, படகு நேரம் அறிவிக்கிற அதே குரலில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள்.

வாசித்து முடித்தபோது கொட்டகைத் தூண்களில் அலை வந்து மோதுகிற சத்தம் கேட்டது. அந்தத் தெருவில் நாற்பது பேர் கூடிய இடத்தில் அந்தச் சத்தம் கேட்பது அதுதான் முதல் முறை.

"ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்றார் வலைக்காரர்.

"ஆமாங்க."

டீக்கடைக்காரர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "அக்கா தங்கச்சி பசங்க அண்ணன் தம்பி. அவங்க பசங்களும் அண்ணன் தம்பி." எண்ணி முடித்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது. "அப்படிப் பாத்தா வலைக்காரரு பட்டறை வீட்டம்மாவுக்குக் கொழுந்தன் முறை ஆவுது."

நாற்பது வருஷமாகக் கொழுந்தனைப் பெயர் சொல்லாமல், மீன் வகைகளின் பெயரால் மட்டுமே குறிப்பிட்டு வந்த மாமியார் மெல்ல எழுந்தார். டிக்கெட்டம்மா குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

"முதல்ல இறங்குனது யாரு?" என்றார் மாமியார். "அக்காவா, தங்கச்சியா?"

"அது இதுல எழுதல அத்தை."

"எழுதணுமா என்ன? அக்காதான் இறங்கியிருப்பா. எங்க வீட்டுப் பொம்பள. சின்னவளுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?"

வலது பெஞ்சிலிருந்து வலைக்காரர் எழுந்தார். "அக்கா துணி நனையுமேன்னு யோசிச்சிட்டு நின்னிருப்பாங்க. அதுக்குள்ள எங்க வீட்டுப் பொண்ணு குதிச்சு, நடந்து, அடுப்பையே மூட்டியிருக்கும்."

"அடுப்பு மூட்டத் தெரியணுமே. அக்கா சொல்லிக் குடுத்திருப்பா."

"சொல்லத்தான் தெரியும். செஞ்சது தங்கச்சி."

தண்ணீரை ருசி பார்த்தவரையும் நீந்தி வந்தவரையும் அந்த நொடியே இரண்டு வீடும் கைகழுவிவிட்டன. கெஞ்சின கணவன்மாருக்காகப் பேச ஒரு நாதியில்லை. நடுவீட்டுக்காரர்களில் இரண்டு பேர், அந்தப் படகோட்டி தங்கள் வழியில் வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசுகிற தோரணையைப் பார்த்தால் இருக்கும் என்றே தோன்றியது.

டிக்கெட்டம்மா மட்டும் ஒன்றைக் கவனித்தாள். மாமியாரும் வலைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை மற்ற யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, அந்த இரண்டு பேர் உட்பட. மூன்று மணிப் படகு வந்து இரண்டு முறை ஊதிய பிறகும் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை.

பலகையில் அவள் 'சகோதரிகள் இருவர் இறங்கினர்' என்று மட்டும் எழுதினாள். யார் முதலில் என்று எழுதச் சொல்லி வீட்டில் ஒரு வாரம் நச்சரித்தார்கள். அவள் அசையவில்லை. அந்தத் தெருவில் பதினாறு வருஷம் வாழ்ந்தவளுக்கு அந்தப் பிடிவாதம்கூட வராதா?

அவளிடம் காரியம் நடக்காது என்று ஆனதும் மாமியார் நேராக வலை வீட்டுக்கே போனார். இரண்டில் ஒன்று பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று போனவர், இருட்டுகிற நேரத்தில்தான் திரும்பினார்.

"என்ன அத்தை ஆச்சு?"

"ஒத்துக்க மாட்டேங்கறான்." செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "பொண்டாட்டி போய் ஆறு வருஷம் ஆச்சு, நாம எட்டிக்கூடப் பாக்கல பாரு. ஜன்னல்ல ஒரு விரக்கடை தூசி. பேசிக்கிட்டே துடைச்சிட்டு வந்தேன். டீன்னு ஒண்ணு குடுத்தான். வாயில வெக்க முடியல. நாளைக்குப் போய் முதல்ல டீ போடச் சொல்லிக் குடுத்துட்டு, அப்புறம்தான் சண்டை போடணும்."

மெக்கானிக் அம்மாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புத்திசாலித்தனமாகக் கை கழுவப் போனான்.

நாளைக்கு என்றது நாள்தோறும் ஆயிற்று. ஒரு நாள் மத்தியானம் வலைக்காரர் டிக்கெட் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"எங்க போகணும் மாமா?" என்றாள் டிக்கெட்டம்மா.

"எங்கயும் போகல. உன் மாமியார் இன்னைக்கு வருவாங்கல்ல?"

"ஏன், எதுவும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். நேத்து போகும்போது வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுக்குப் பதில் இப்பத்தான் தோணுச்சு."

"மூணு மணிக்கு மேல வருவாங்க மாமா."

"சரி, சரி" என்றார் வலைக்காரர். பதிலை மறந்துவிடக் கூடாதே என்று உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே, வீட்டைக் கூட்டிவைக்க வேகமாக நடந்தார்.